ரெண்டு தட்டு

ஜனவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. நான் கத்த, நீங்கள் "என்ன, என்ன" என்க, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் நம் குடும்பக் கதையைக் கேட்டு முடிக்கிறார்கள். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா படித்துக் காட்டுவார், நீங்கள் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவார் என்று தெரியும். அவருக்கும் என் வணக்கம்.

விஷயம் இதுதான். நாற்காலி, மேசை வாடகைக்கு விடுகிற என் கடைக்கு இனி அடுத்தவர் வண்டியை நம்பிப் புண்ணியமில்லை. சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கப் போகிறேன். நானேதான் ஓட்டுவேன், லைசென்ஸ் எடுத்துவிட்டேன். முப்பத்தெட்டு வயதில் எட்டுப் போட்டுக் காட்டியபோது அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

ஒரே கம்பெனி, ஒரே இஞ்சின், பின்னால் ஒரே அளவுத் தொட்டி. ஆனால் இரண்டு வகை. ஒன்று சாதா. கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், ஏசி கிடையாது, ஸ்டீயரிங் கனம். இன்னொன்றில் எல்லாம் உண்டு. ஏசி, பவர் ஸ்டீயரிங், பின்னால் காமிரா. ரிவர்ஸ் போட்டால் முன்னால் ஒரு சின்னத் திரையில் பின்பக்கம் தெரிகிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு போட்டு எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டுகிறது. ஏதாவது கிட்ட வந்தால் கீ கீ என்று கத்துகிறது. விற்பனைக்காரர் அதைத்தான் புகழ்கிறார். அது அவர் பிழைப்பு.

நீங்கள் நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். எதை வாங்கட்டும்? பிப்ரவரி கடைசிக்குள் முன்பதிவு செய்ய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா எதுவும் சொல்லி எழுதச் சொல்லவில்லை. அவர் சுபாவம் உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

•

ஜனவரி 15

என் மருமகளுக்கு மாமா சொல்லி எழுதுவது.

நான் சௌக்கியம். முழங்கால் அப்படியே இருக்கிறது, அது என்னைவிட்டுப் போகாது. மாப்பிள்ளையை, அதாவது உன் அப்பாவை, நான் கேட்டதாகச் சொல். தையல்கார அம்மா மிஷினை நிறுத்திவிட்டு எழுதுகிறார். "சுத்தி வளைக்காம சொல்லுங்க, ரெண்டு பிளவுஸ் காத்திருக்கு" என்கிறார். அதனால் நேராகச் சொல்கிறேன். சாதாவை வாங்கு.

எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் வண்டியைப் பற்றி என்னிடம் கேள். நான் முதல்முதலாக ஓட்டிய லாரிக்கு இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். மூன்றாவது கியர் மழை நாளில் விழாது. அதன் பின் டயரில் உள்பக்கம் ஏழு ஒட்டு. இதெல்லாம் நேற்றுப் பார்த்த மாதிரி இருக்கிறது. அந்த வண்டியில் என்ன இருந்தது? ஸ்டீயரிங், பிரேக், நான். அவ்வளவுதான்.

இருக்கிற சாமான் எல்லாம் ஒருநாள் கெட்டுப்போகிற சாமான். கண்ணாடியைச் சுற்றி இறக்குகிற கைப்பிடி ஜென்மத்துக்கும் கெடாது. ஏசி என்று வைத்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவாய். வெளிச்சத்தம் கேட்காது. வண்டி ஓட்டுகிறவருக்குக் காது முக்கியம்.

அந்தக் காமிரா வேண்டவே வேண்டாம். குட்டித் திரையைப் பார்த்து வண்டியைப் பின்னால் எடுக்கிறவன் டிரைவரா? பின்னால் ஒரு ஆள் நின்றால் போதும். எங்கள் சரக்குக் கிடங்கில் சத்தம் காதைப் பிளக்கும், வாயால் சொன்னால் கேட்காது. அதனால் வண்டியின் பின்பலகையில் தட்டுவார்கள். விட்டுவிட்டு ஒவ்வொரு தட்டாக வந்தால் வரலாம். சேர்த்து ரெண்டு தட்டு வந்தால் நிற்க வேண்டும். கிடங்கு மேடைக்கும் வண்டிக்கும் நடுவில் நாலு விரல்தான் இடம் இருக்கும், அப்படிக் கொண்டுவந்து நிறுத்துவேன். அதனால் என் பெயரே 'நாலு விரல்' என்று ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போய் நாலு விரல் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள்.

சாதாவை வாங்கு. மாப்பிள்ளை பின்னால் நிற்கட்டும்.

இப்படிக்கு மாமா. பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

•

ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் தையல்கார அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், சுடவைத்துத் தடவுங்கள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்தேன். கயிறு கட்டிய கதவுக்குச் சிரித்தார். "ஆமா, அந்தக் கயித்தை நான்தான் மாத்துவேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா உங்கள் லாரியில் வேலை பார்த்தார் என்பதே எனக்குத் தெரியாது. நான் பிறந்ததிலிருந்து அவரை இந்த ஊரில், மரக்கடையில் பலகை தூக்கித்தானே பார்த்திருக்கிறேன்.

தட்டுகிற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலை, நாற்காலிகளை இருபது இருபதாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"காமிரா இருக்கற வண்டியா வாங்கு. இல்லேன்னா பின்னாடி நிக்க வேற ஆளைப் பாத்துக்க. நாற்காலி ஏத்தறேன், இறக்கறேன், மேசையைத் தனியாத் தூக்கறேன். பின்னாடி நின்னு தட்ட மட்டும் என்னைக் கூப்பிடாதே."

"ஏம்பா, தட்டறது ஒரு வேலையா?"

"அதைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியாதவன்மா நான்."

விடாமல் கேட்டேன். கடைசியில், "உங்க மாமாவைக் கேளு. அவருக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி" என்றார்.

என்ன மாமா அது?

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

•

பிப்ரவரி 20

என் மருமகளுக்கு மாமா சொல்லி எழுதுவது.

சுகமாக இருக்கிறேன். தைலம் வந்தது, வாசனை நன்றாக இருக்கிறது. பதில் எழுதத் தாமதம். தையல்கார அம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் எழுத ஆள் இல்லை.

(நான் எங்கும் போகவில்லை. அவர்தான் நாளைக்கு நாளைக்கு என்றார். எழுதச் சொன்னதை எழுதினேன். — தையல்காரி)

வண்டி எடுக்கும்போது பார்க்க வேண்டியது: தொட்டியின் அடியில் குனிந்து வெல்டிங்கைப் பார். நாலு டயரிலும் தயாரித்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பார். ஸ்டெப்னியை இறக்கச் சொல்லிப் பார், பல பேர் அதில் பழசை வைத்துத் தள்ளிவிடுவார்கள். சாதா வண்டி கனத்த ஸ்டீயரிங் என்று பயப்படாதே. ஒரு மாசத்தில் கை பழகிவிடும்.

மாப்பிள்ளை கேட்கச் சொன்னதற்கு என்ன சொல்வது? ஒன்றாக வேலை பார்த்தோம், உண்மை. கிடங்கு என்றால் ஆயிரம் நடக்கும். எனக்கும் எழுபத்தாறு ஆகிவிட்டது, எதை என்று ஞாபகம் வைத்திருப்பது? பழைய கதையைக் கிளறாதே. ஆனால் ஒன்று சொல்கிறேன், மாமா சொல்கிறேன் என்று கேள். சாதாவையே வாங்கு. மாப்பிள்ளையையே பின்னால் நிற்கச் சொல். ஒரு தடவை, ரெண்டு தடவை தட்டினால் பயம் போய்விடும். எல்லாம் சரியாகிவிடும்.

இப்படிக்கு மாமா.

•

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுதுங்கள். இந்தத் தடவை உண்மையான நலத்தை.

நீங்கள் சொன்னதை நம்பிச் சாதாவுக்கே முன்பதிவு செய்துவிட்டேன். விற்பனைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். "உங்க மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அது புகழ்ச்சி மாதிரி இல்லை.

நேற்று ஓரளவு வாயைத் திறந்தார். நான் அம்மா வயிற்றில் ஆறு மாசமாக இருந்தபோது கிடங்கில் ஒரு விபத்து, எடை போடுகிறவர் கை வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் மாட்டி மூன்று விரல் போய்விட்டதாம். ரெண்டு தட்டு தட்ட வேண்டிய இடத்தில் அப்பா ஒரு தட்டு தட்டிவிட்டாராம். "ரெண்டு தட்டினதாத்தான் அன்னிக்கு நினைச்சேன். ஆனா வண்டி நிக்கலியே. வண்டியில இருந்து கேட்டவர் ஒண்ணுதான்னு சொல்லிட்டாரு. எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. பல வருஷம் தூக்கத்துல தட்டிப் பாத்துட்டே இருப்பேன், ஒண்ணா, ரெண்டானு" என்றார். அதோடு வேலை போய், வீட்டைக் காலி செய்து அம்மாவோடு இங்கே வந்துவிட்டாராம்.

"அம்மா என்னப்பா சொன்னாங்க?" என்றேன்.

"எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டார்னு சொன்னா. அவ மேல தப்பில்லை. கூடப் பொறந்தவ."

அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அவளிடம் கேட்க முடியாது. உங்களிடம்தான் கேட்க முடியும். அன்றைக்கு வண்டியில் இருந்தவர் நீங்கள்தானே மாமா?

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

•

ஏப்ரல் 11

மாமாவுக்கு,

நலமா? பதில் இல்லை. தையல்கார அம்மா ஊரில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம். நீங்கள் சொன்னபடி குனிந்து வெல்டிங்கைப் பார்த்தேன். ஸ்டெப்னியையும் இறக்கச் சொன்னேன். "யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்கள். என் மாமா என்றேன்.

மருமகள்

•

ஏப்ரல் 19

என் மருமகளுக்கு மாமா சொல்லி எழுதுவது.

நலம். வண்டி வந்ததில் ரொம்ப சந்தோஷம். வெள்ளை நல்ல நிறம், இருட்டிலும் தெரியும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாதே. தொட்டியில் நாற்காலி அடுக்கினால் கனத்தை முன்பக்கமாக வை.

நீ கேட்டது ஞாபகத்தில் இல்லை. அது நடந்து எத்தனையோ வருஷமாகிறது. இப்போது காது வேறு மந்தம்.

மாப்பிள்ளை தட்டுகிறாரா? அதை மட்டும் எழுது.

இப்படிக்கு மாமா.

•

மே 5

மாமாவுக்கு,

உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். அதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

அப்பா தட்டுகிறாரா என்று கேட்டீர்கள். கேளுங்கள்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு நாற்காலி. பின்வாசல் சந்து குறுகல். வளைத்துப் பின்னாலேயேதான் போக வேண்டும். இறங்கிப் பார்த்தேன், ஒரு பக்கம் சுவர், கடைசியில் ஒரு தூண். "அப்பா, ஒரே ஒரு தடவை நில்லுங்க. மாமாவும் சொல்றார்" என்றேன். போய் நின்றார். நான் கண்ணாடியை முழுக்க இறக்கி, காதைத் தீட்டிக்கொண்டு மெதுவாகப் பின்னால் எடுத்தேன். தட், தட் என்று விட்டுவிட்டு வந்தது. சரியாகத்தான் வந்தது. அப்புறம் சத்தமே வரவில்லை. பத்தடி இருக்கிறது போல என்று நினைத்து இன்னும் எடுத்தேன். டமார்.

பின்பலகை தூணில் மோதி நசுங்கி, நாற்காலிகள் சரிந்தன. இறங்கி ஓடினேன். அப்பா தூணை ஒட்டி, சுவரோடு சுவராக, ஒரு கையைத் தூக்கியபடி நிற்கிறார். அந்தக் கை இறங்கவே இல்லை. அவர் நெஞ்சுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடம்.

"ஏம்பா தட்டலை? ஏம்பா?"

"எத்தனைனு தெரியலைம்மா" என்றார். "ஒண்ணா ரெண்டானு தெரியலை."

அன்றிலிருந்து கடைப்பக்கம் வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். "என்னை நம்பி வண்டியைப் பின்னாடி எடுத்தா யாரையாவது கொன்னுடுவேன்" என்கிறார். எழுபது வயது மனிதர் என் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மாமா, அம்மா கல்யாணத்தன்று கட்டிய சேலையின் கரை என்ன நிறம், எத்தனை விரல் அகலம் என்று போன தடவை வந்தபோது சொன்னீர்கள். ஏழு ஒட்டுப் போட்ட டயர் ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு நாள் மட்டும் ஞாபகம் இல்லையா?

மருமகள்

•

மே 14

என் மருமகளுக்கு மாமா சொல்லி எழுதுவது.

நான் நலமாக இல்லை. கால்வலியைச் சொல்லவில்லை.

நீ எழுதியதைத் தையல்கார அம்மா ரெண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். "உங்களுக்குத்தான் ஒரு தடவை கேட்டா மறக்காதே" என்றார். எழுதத் தெரிந்திருந்தால் இதை நான் எப்போதோ எழுதியிருப்பேன் என்று சொல்லிக்கொள்வேன். அதுவும் பொய். எழுத்துத் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. எதைச் சொன்னாலும் இன்னொருத்தர் காதில் விழ வேண்டும், அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லலாம். பன்னிரண்டு வருஷமாக எனக்குக் கடிதம் எழுதித் தருகிறவர், என்னைப் பெரிய மனுஷன் என்று நினைக்கிறவர், கேட்கட்டும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆணிப் பெட்டி லோடு, நூற்றிருபது பெட்டி. மழை விட்டு வெயில் வந்திருந்தது, மேடையில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நீலச் சட்டை, மேல் பித்தான் இல்லை. முதலாளி யாரோ வெளியூர் வியாபாரியைக் கூட்டிவந்து மேடையோரம் நிறுத்தி, "நம்ம டிரைவர் நாலு விரல்ல நிறுத்துவான், பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கக் கண்ணாடியில் அவர் வாய் அசைவது தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தட், தட் என்று விட்டுவிட்டு வந்தது. வந்தேன். அப்புறம் சேர்த்து ரெண்டு தட்டு.

ரெண்டு. நன்றாகக் கேட்டது. அன்றைக்கு என் காதில் ஒரு கோளாறும் கிடையாது.

மேடைக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பயந்துபோய் முன்னாலேயே தட்டிவிட்டான், ஒரு சாணில் நிறுத்தினால் வெளியூர்க்காரர் முன்னால் என் பெயர் என்ன ஆவது என்று நினைத்தேன். கிளட்சைக் கொஞ்சம் விட்டேன். அவ்வளவுதான் செய்தேன். எடைக்கல் ஒன்று உருண்டு சந்தில் விழுந்ததும், எடைக்காரர் அதை எடுக்க மேடை விளிம்பில் வலது கையை ஊன்றிக் குனியப் போனதும் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குத் தெரியும். அதனால்தான் தட்டினார்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "எத்தனை தட்டுடா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு விரலைக் காட்டினேன்.

மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை, "ரெண்டு தட்டினேன் முதலாளி" என்றார். "பொண்டாட்டியோட அண்ணனையே மாட்டிவிடறியா, வெக்கமா இல்லை?" என்று கேட்டார் முதலாளி. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார்.  அவர் உள்ளங்கையைப் பார்த்ததுதான் எனக்கு இந்த முப்பத்தெட்டு வருஷமும். விரல் போனவரின் கையைவிட அதுதான் கண் முன்னால் நிற்கும்.

என் தங்கை என்னை நம்பினாள் என்று எழுதியிருக்கிறாய். ஊரை விட்டுப் போகிற அன்று, "அண்ணா, அவரை மனசுல வெச்சுக்காதே, தெரியாம செஞ்சிட்டார்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

உன்னைச் சாதா வண்டி வாங்கச் சொன்னேனே, ஏன் தெரியுமா? மாப்பிள்ளை மறுபடி ஒரு தடவை தட்டி, வண்டி ஒழுங்காக நின்றுவிட்டால், அன்றைக்கு நடந்தது அழிந்துபோகும், நான் சொல்லாமலே போய்விடலாம் என்று நினைத்தேன். காமிரா வைத்துவிட்டால் அவருக்குக் கடைசிவரை தட்டுகிற வேலை வராது. என் மனசு ஆறுவதற்கு உன் வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் உன் அப்பா நெஞ்சை வைத்தேன்.

நடுவில் தையல்கார அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். நானும் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லுங்க, பேனா காயுது" என்றார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

பெருவிரல் ரேகை.

•

ஜூன் 9

மாமாவுக்கு,

அப்பாவும் நானும் இருக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

கடிதம் வந்து ரொம்ப நாள் கையிலேயே வைத்திருந்தேன். உங்கள் மேல் வந்த கோபத்தில் கிழித்துவிடுவேனோ என்று பயந்து, அரிசி டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் படித்துக் காட்டினேன்.

பாதியில், "அந்த இடத்தை இன்னொரு தடவை படி" என்றார். ரெண்டு, நன்றாகக் கேட்டது என்கிற இடம். படித்தேன். எழுந்து வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். வண்டியின் பின்னால் நின்று, "உள்ள ஏறி உக்காரு. கண்ணாடியை ஏத்து" என்றார். ஏற்றினேன். ரெண்டு தட்டு தட்டினார்.

"கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"இஞ்சினைப் போடு. இப்ப?"

"கேக்குது."

"நல்லா முறுக்கு. இப்ப?"

"கேக்குதுப்பா. நல்லாவே கேக்குது."

அப்புறம் சத்தமில்லை. இறங்கிப் பார்த்தால் நசுங்கின பலகையில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார்.  எனக்குத் தொடப் பயமாக இருந்தது.

மறுநாள் கடைக்கு வந்தார். சாதா வண்டியிலும் தனியாகக் காமிரா மாட்டித் தருகிறார்களாம், மெக்கானிக் வந்து அளவெடுத்தார். அப்பா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். "நான் தட்டறேன், நீ நில்லு. நின்னாப் போதும்" என்றார். நேற்று அதே பள்ளிக்கூடத்துச் சந்து. ரெண்டு தட்டு வந்தது. எனக்கு இன்னும் நாலடி இருக்கிற மாதிரிதான் தோன்றியது, ஆனாலும் நின்றேன். இறங்கிப் பார்த்தால் ஒரு முழம்தான்.

உங்களை மன்னித்ததாக அப்பா எழுதச் சொல்லவில்லை. நானும் எழுத மாட்டேன். ஒன்று மட்டும் எழுதச் சொன்னார். "தராசு அண்ணன் இருக்காரானு கேளு. இருந்தா, உங்க மாமா அவர்கிட்டப் போய்ச் சொல்லணும். என்னாலதான் கை போச்சுனு நெனச்சுக்கிட்டே அவர் போயிடக் கூடாது. எனக்கு அது போதும்." எடைக்காரரைத் தராசு என்றுதான் கூப்பிடுவீர்களாம்.

மருமகள்

•

ஜூன் 27

என் மருமகளுக்கு மாமா சொல்லி எழுதுவது.

நான் நடமாடுகிறேன். நீங்கள் ரெண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். எழுத்து வேறாக இருப்பதைப் பார்த்திருப்பாய். இது தையல்கார அம்மா எழுதுவது இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தராசு இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். ரெண்டு பஸ் மாறிப் போனேன். இத்தனை வருஷமும் நான் போகாமல் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு போவேன், வாசலருகில் நாற்காலி போடுவார், உட்காருவேன், மழை வருமா வராதா என்று பேசுவோம், வந்துவிடுவேன். அதேமாதிரிதான் இந்தத் தடவையும் பழத்தை வைத்தேன். "என்ன நாலு விரல், இந்த வருஷம் சீக்கிரம் வந்துட்டே?" என்றார்.

அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள் என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரெண்டு தட்டு வந்தது, கேட்டது, நிறுத்தவில்லை, ஒரு விரலைக் காட்டினேன். உங்கள் கைக்குக் காரணம் நான், மாப்பிள்ளை இல்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரொம்ப நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கு எழுதணுமா?" என்று கேட்டார். ஆமாம், தையல்கார அம்மாவிடம் போய் எழுத வேண்டும் என்றேன். "வேணாம். உக்காரு. நானே எழுதறேன்" என்று காகிதம் எடுத்துவந்தார். விரல் போன பிறகு எடைச்சீட்டு எழுதுவதற்காக இடது கையில் எழுதப் பழகினாராம். அதனால் கோணலாக இருக்கும். அந்தக் கோணலுக்குக் காரணம் மாப்பிள்ளையின் கை இல்லை. காகிதத்தை அவர் கையில் கொடுத்து முதலில் எழுத்தைப் பார்க்கச் சொல்.

எனக்குச் சொல்ல வேறு ஒன்றுமில்லை. ரேகை வைத்துவிட்டேன். கீழே மீதி இடத்தில் தராசு தன் பங்குக்கு ஏதோ எழுதுகிறார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "விசாரிச்சு எழுதறேன்" என்கிறார்.

மாமா.

தம்பி, நலமாக இருக்கிறாயா? உன் மச்சான் எதிரில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாத தைரியத்தில் எழுதுகிறேன். ரெண்டு தட்டும் எனக்கும் கேட்டது. கேட்டதால்தான், வண்டி நின்றுவிடும் என்று நம்பிக் கையை ஊன்றிக் குனிந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது நீ ஊரில் இல்லை. டிரைவரைக் காட்டிக் கொடுத்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் முதலாளி எனக்கு வைத்திருந்த வேலையும் நிற்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் பழத்தோடு வருவார், இந்தத் தடவை அவராகச் சொல்வார், அப்போது நானும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிட்டார், தம்பி. எனக்கு வாய் வரவில்லை.